துவைக்காமல் வைத்த விரிப்பு

ஹெசில் ரோடு, ஹல், இங்கிலாந்து
18 செப்டம்பர் 2023

திருமதி டோரீன் பார்க்கர் அவர்களுக்கு,

உன் கடிதம் வந்தது. என் மனைவி பெரில் இறந்தபோது நீ அனுப்பிய அட்டைக்குப் பிறகு, ஆறு வருடம் கழித்து உன் கையெழுத்தைப் பார்க்கிறேன். இன்னும் இடப்பக்கமாகத்தான் சாய்கிறது.

ஜனவரியில் வருகிறாய். சரி. அந்த மாதக் கடைசி ஞாயிறு ஆற்றங்கரையில் கடலோடு போனவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். நம் அண்ணன் ராயின் பெயரும் வரும். வருடாவருடம் நம் வீட்டிலிருந்து நான் ஒருவன்தான் போய் நின்று கேட்டு வருகிறேன். ஒருமுறையாவது நீயும் கேட்பது நியாயம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எனக்கு ஆட்சேபம் ஓட்டலில்தான். பழைய பழச்சந்தையில், படகுத்துறைக்குப் பக்கத்தில், மூன்று வாரத்துக்கு அறை எடுத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அது எந்தக் கட்டடம் என்று உனக்குத் தெரியுமா? வாழைப்பழக் கிடங்கு. காயாக வந்த தாரைப் பழுக்கவைத்த அறையில் இப்போது கனடாவிலிருந்து வருகிறவர்கள் படுத்துத் தூங்குகிறார்கள். செங்கல்லைக் கழுவி, பூச்சு பூசாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நம் அப்பா காலமெல்லாம் சுவருக்குப் பூச்சு வேண்டுமென்று வீட்டுக்காரனோடு சண்டை போட்டார். பூச்சில்லாத சுவர்தான் இப்போது அழகாம்.

ஊர் மாறிவிட்டது, பார்க்க ஆசையாக இருக்கிறது என்கிறாய். மாறித்தான் போயிற்று. நம் மீன்துறையில் பாதியைத் தூர்த்துக் கடைகள் கட்டியாயிற்று. மிச்சத்தில் நாணல் நிற்கிறது. படகுத்துறையில் ஒரு விளம்பரப் பலகை நம்மையெல்லாம் "கடலோர மக்கள்" என்கிறது. நாம் என்ன சிப்பியா பொறுக்கினோம்? திருத்தச் சொல்லி நான்கு கடிதம் எழுதிவிட்டேன். நான் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனால் நூலகத்தில் படித்த அளவுக்கு விஷயம் தெரியும்.

நான் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். தெருவில் பாதியை இடித்தார்கள், நம் பக்கம் தப்பியது. மாடியில் ராயின் அறை காலியாக இருக்கிறது. பெருக்கி வைத்திருக்கிறேன். சொந்தத் தம்பி வீடு இருக்கும்போது அக்கா வாழைப்பழக் கிடங்கில் தங்கினாள் என்று நாலு பேர் பேசுவது எனக்குப் பிடிக்காது.

தொலைபேசியில் கூப்பிடாதே. இரண்டாவது நிமிடத்தில் நம்மில் ஒருவர் வைத்துவிடுவோம். எழுது.

வி. ஸ்டேதர்ஸ்


ஹாலிஃபாக்ஸ், கனடா
2 அக்டோபர் 2023

திரு. வி. ஸ்டேதர்ஸ் அவர்களுக்கு,

எழுபத்து மூன்று வயதில் உனக்கு இந்த "திருமதி" எங்கிருந்து வந்தது? மூக்கு வழிந்தால் என் பாவாடையில் துடைத்தவன் நீ. இருந்தாலும் நீ ஆரம்பித்தாய், நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஓட்டல் ஏன் என்று கேட்கிறாய். நிஜமாகவே மறந்துவிட்டாயா, மறந்த மாதிரி இருக்கிறாயா? 1971 ஜனவரி ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை மதியம். நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். நீ பனிக்கட்டி ஆலையிலிருந்து வந்தாய். எதிர்வீட்டு மிசஸ் பிளெங்கின் வாசலில் நின்றாள், கேசி வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் நின்றார்கள். எல்லாரும் கேட்க, "ராய் கிளம்புற அன்னைக்கே துவைச்சுத் தொலைச்சிட்டியே, பாவி! அவனைத் தண்ணியோட அனுப்பிட்டியே!" என்று கத்தினாய். மூன்று வாரம் கழித்து ஐஸ்லாந்துக்கு வடக்கே ராய் போன மீன்பிடிக் கப்பல் காணாமல் போன செய்தி வந்தது. அன்று நீ சொன்னது, "இந்த வாசப்படில இனி நீ காலை வைக்காத."

அது உன் வாசற்படியும் இல்லை, அப்பாவின் வாசற்படி. ஆனாலும் நான் வைக்கவில்லை. ஏப்ரலில் கப்பலேறினேன். இப்போது அதே வாசற்படிக்கு என்னைக் கூப்பிடுகிறாய், அன்று சொன்ன சொல்லை எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரிகூட எழுதாமல்.

அதனால் வாழைப்பழக் கிடங்கே எனக்குப் போதும். படம் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ஹம்பர் ஆறு தெரியுமாம். காலையில் கீழே யாரோ ரொட்டி சுடுகிறார்களாம். ஒரு தெரு முழுக்கச் சித்திரக் கூடங்களாம். நான் பிறந்த ஊரில் ஒருமுறை வெளியூர்க்காரியாக இருந்து பார்க்கிறேன். வெளியூர்க்காரியைப் பார்த்து யாரும் கத்தமாட்டார்கள்.

இங்கே வந்த புதிதில் கடைக்காரர்களுக்கு என் பேச்சு புரியவில்லை. நான் "ரோடு" என்றால் அது அவர்கள் காதில் "ரெர்ட்" என்று விழுமாம். ஐம்பது வருடமாகியும் என் பேரப்பிள்ளைகள், "இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். இங்கே எனக்கு எல்லாம் கிடைத்தது. நல்ல கணவன், நல்ல பிள்ளை, வெந்நீர் கொட்டும் குழாய். "நம்ம டோரீன்" என்று கூப்பிடத்தான் ஓர் ஆள்கூட இல்லை. நம் ஊரில் கூடப்பிறந்தவர்களை "நம்ம" போடாமல் யாராவது சொல்வார்களா? உன் கடிதத்தைப் பிரிக்கும்போது அந்தச் சொல் இருக்குமென்று நினைத்தேன்.

டோரீன்


ஹெசில் ரோடு
16 அக்டோபர் 2023

டோரீனுக்கு,

நீ எழுதியதெல்லாம் உண்மை. கேசி பெண்கள் மூன்று பேர், இரண்டு பேர் இல்லை.

அந்த ஓட்டலுக்குப் போய்வந்தேன். வாங்குவதற்கு முன் எந்தப் பொருளையும் தட்டிப் பார்ப்பவன் நான். கல் பாவிய தெருவெல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் தக்காளிப் பெட்டி இறக்கிய மேடைகளில் நாற்காலி போட்டு வாலிபர்கள் காபி குடிக்கிறார்கள். நான்கு வாலிபர்களுக்கு மூன்று நாய்கள். ஒரு காலத்தில் அங்கே விடியற்காலையில் நடந்தால் காலடியில் முட்டைக்கோஸ் வழுக்கும். இப்போது வழுக்கவில்லை. அது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்.

உள்ளே மேஜையில் ஒரு பெண் இருந்தாள். பெயர் இஸ்ஸி என்று சட்டையில் குத்தியிருந்தது. சின்ன வயது, நல்ல பேச்சு. கேட்டேன்:

"ஏம்மா, ஒருத்தர் ரூமைக் காலி பண்ணிட்டுப் போனா, அவங்க படுத்த பெட்ஷீட்டை எப்ப துவைப்பீங்க?"

"உடனே சார். பதினோரு மணிக்கு அவங்க போனா, பதினொன்னே காலுக்குள்ள உருவிடுவோம்."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கேதான். ஒரு முடிகூட இருக்காது, கவலையே படாதீங்க."

"ரெண்டு நாள் விட்டுத் துவைக்க முடியாதா?"

"எதை, அழுக்கு பெட்ஷீட்டையா?"

"ஆமா."

அவள் கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு அழுக்கு பெட்ஷீட்தான் வேணுமா, சார்?"

"எனக்கில்லம்மா. எங்க அக்காவுக்கு."

அதற்குமேல் விளக்க முடியவில்லை. உன் பெயரைக் கேட்டுக்கொண்டு, "எழுதி வெச்சுக்கறேன்" என்றாள். என்ன எழுதினாளோ தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன், அங்கே தங்காதே. பூச்சில்லாத சுவர், நாய், காபி எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். நீ ரயிலேறிப் பாராகன் நிலையத்தைத் தாண்டுவதற்குள் நீ படுத்த விரிப்பு தண்ணீரில் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் அத்தனை பெரிய கடலைத் தாண்டப் போகிறாய். என் வீட்டில் அப்படி நடக்காது.

வில்ஃப்


ஹாலிஃபாக்ஸ்
30 அக்டோபர் 2023

வில்ஃபுக்கு,

அந்த இஸ்ஸி எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள். "விரிப்புகள் தொடர்பான உங்கள் விசேஷக் கோரிக்கையைத் தெளிவாகத் தெரிவிக்கவும்." சமையலறையில் தனியாக நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தேன். என் கணவர் கார்டன் இருந்திருந்தால் இதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டியிருப்பார்.

அப்புறம் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

நீ இன்னும் நம்புகிறாய். அப்படித்தானே? ஆள் கிளம்பிய நாளில் துவைத்தால் அந்த ஆளைத் துவைத்து அனுப்பியதாக அர்த்தம். அப்படியென்றால் ராயைக் கொன்றது நான்தான்.

நான் நம்பினேனா என்று கேள். என் மகன் முதல் தடவை கோடை முகாமுக்குப் போனபோது மூன்று நாள் ஒரு துணியை நனைக்கவில்லை. கார்டன் வேலைக்காக டொராண்டோ போனால் அழுக்குக் கூடையை மாடிப்படிக்கு அடியில் ஒளித்துவைப்பேன். முதலில் கேலி செய்தார், பிறகு விட்டுவிட்டார். எந்தச் செவ்வாய்க்கிழமையும் நான் துவைத்ததில்லை, வில்ஃப். ஐம்பத்திரண்டு வருடம். எத்தனை செவ்வாய் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அந்த வாரம் நான் எதையும் அலட்சியமாகச் செய்யவில்லை. கப்பல் திங்கள்கிழமை என்றார்கள். திங்கள்தான் நம் தெருவுக்கே துவைக்கிற நாள், ஆனால் நான் துவைக்கவில்லை. மிசஸ் பிளெங்கின்கூட, "என்ன, இன்னைக்கு அடுப்புல தண்ணி வைக்கலையா?" என்று கேட்டாள். "ராய் இன்னைக்குக் கிளம்பிட்டான்" என்றேன். ஒரு நாள் பொறுத்துச் செவ்வாயன்று துவைத்தேன். கப்பல் செவ்வாயன்றுதான் போனது என்று நீ கத்தியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். நேராகப் பதில் எழுது. ராய் போனது என்னால்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறாயா? ஆமென்றால் நான் ஓட்டலிலேயே தங்குகிறேன். அவர்கள் அந்த விரிப்பை மூன்று தடவை துவைக்கட்டும்.

டோரீன்


ஹெசில் ரோடு
20 நவம்பர் 2023

டோரீனுக்கு,

மூன்று வாரமாக எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடுவேன்.

இல்லை. உன்னால் இல்லை. அன்றைக்கும் நான் அப்படி நினைக்கவில்லை.

திங்கள்கிழமை காலை கப்பலின் இழுவைப்பொறி பழுதாகிவிட்டது. சரிசெய்வதற்குள் நீரேற்றம் போய்விட்டது. மறுநாள்தான் கிளம்பலாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் அப்போது மேடையில் நின்று பக்கத்துக் கப்பலுக்குப் பனிக்கட்டி கொட்டிக்கொண்டிருந்தேன். ராய் என்னைத் தேடி வந்தான். வாசலைத் தாண்டிய மீன்பிடி ட்ராலர்காரன் திரும்பி வீட்டுக்குள் வரமாட்டான், உனக்குத் தெரியும். பைப்புகையிலையை மறந்துவிட்டுப் போன அப்பா, வாசலில் நின்று நம்மைத்தானே எடுத்து வரச் சொல்வார். அதனால் ராய் அன்று கப்பலிலேயே படுக்கப் போனான். என்னிடம் சொன்னான்:

"நம்ம டோரீன்கிட்ட சொல்லிடு, நாளைக்குக் காலைலதான் போறேன். அவ திங்கக்கிழமைத் துணியை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. நாளைக்கும் துவைக்க வேணாம்னு சொல்லு. மறக்காதடா."

"மறக்கமாட்டேன்" என்றேன்.

மறக்கவில்லை என்பதுதான் விஷயம். பெரில் அன்று நடன அரங்குக்கு வருகிறேன் என்றாள். முதல் முறையாக என்னோடு வருகிறாள். வீட்டுக்கு வந்தால் நீ சாப்பாடு போடுவாய், குளித்துவிட்டுப் போ என்பாய், நேரமாகிவிடும். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நேரே போனேன். அங்கிருந்து சிநேகிதன் வீட்டில் படுத்தேன். காலையில் தாமதமாகி, அங்கிருந்தே ஆலைக்குப் போனேன்.

கப்பல் துறையை விட்டு நகரும்போது ராய் மேல்தளத்தில் நின்றான். என்னைப் பார்த்துக் கத்தினான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்" என்றேன்.

"அப்ப சரி" என்றான். சிரித்தான். அண்ணனிடம் நான் கடைசியாகப் பேசியது பொய்.

மதியம் வேகமாக வந்தேன், நீ இன்னும் தண்ணீர் வைத்திருக்கக் கூடாதே என்று. தெருமுனையிலேயே கொடி தெரிந்தது. நான் வாயைத் திறந்தபோது என்ன வரும் என்று எனக்கே தெரியாது. வந்தது அது. கத்திய பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை. கப்பல் காணாமல் போன பிறகு எடுக்கவே முடியவில்லை. "அந்தப் பெண் துவைத்தாள்" என்று தெரு பேசியது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நீ போன பிறகும் அப்படியே இருந்தேன். பெரிலிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அந்த நடனத்தை நினைத்து அழுவாள் என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன்.

துணி துவைத்து யாரும் மூழ்குவதில்லை. விசாரணை அறிக்கையை நூலகத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்திருக்கிறேன். பாய்மரக் கம்பியிலும் மேல்தளத்திலும் பனி ஏறிக் கனத்துக் கவிழ்ந்திருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. இது புத்திக்குத் தெரியும். ஆனாலும் இந்த வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் நான் ஒரு கைக்குட்டையைக்கூட நனைப்பதில்லை.

மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. அதற்கான சொல்லைத் தேடினேன், கிடைத்ததெல்லாம் அட்டையில் அச்சடித்த மாதிரி இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன்.

வில்ஃப்


ஹாலிஃபாக்ஸ்
11 டிசம்பர் 2023

வில்ஃப்,

அன்று கொடியில் என்ன தொங்கியது என்று என்றைக்காவது பார்த்தாயா?

ராயின் துணி ஒன்றுகூட இல்லை. அவனுடையதெல்லாம் மூட்டை கட்டிக் கப்பலுக்குப் போய்விட்டது. அது உன் கால்சட்டை. உன் இரண்டு சட்டை. உப்பும் பனியும் ஏறி விறைத்துப்போய், அடுப்படியில் தானாகவே நிற்கும். நான் முழங்கை வரை தண்ணீரில் கையை விட்டு அதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், நீ நடனமாடிவிட்டுத் தூங்கியபோது.

எனக்கு இருபத்திரண்டு வயது.

ஓட்டல் அறையை ரத்து செய்துவிட்டேன். விமானச் சீட்டை என்ன செய்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. அவசரப்படுத்தி எழுதாதே.

டோ.


ஹெசில் ரோடு
22 டிசம்பர் 2023

டோரீனுக்கு,

அவசரப்படுத்தவில்லை. நடந்ததை மட்டும் தெரிவிக்கிறேன்.

தெரு கேட்கக் கத்தினேன், தெரு கேட்கவே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் தெருவே இல்லை. கேசி பெண்களில் இருவர் இறந்துவிட்டார்கள், மூன்றாமவள் ஸ்பெயினில் மகனோடு இருக்கிறாள். எதிர்வீட்டு மிசஸ் பிளெங்கின் மட்டும் இருக்கிறாள். தொண்ணூற்றொன்று. ஞாயிறு மதியம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"யாரு செத்தா?" என்றாள், சட்டையைப் பார்த்துவிட்டு.

"யாரும் சாகல. எழுபத்தொன்னுல நான் நம்ம டோரீனைப் பார்த்துத் தெருவுல கத்தினது ஞாபகம் இருக்கா?"

"அது காது கேக்காதவங்களுக்குக்கூட ஞாபகம் இருக்கும்."

"தப்பு என்னோடது. துவைக்க வேணாம்னு ராய் என்கிட்ட சொல்லி அனுப்புனான். நான் போய்ச் சொல்லல."

அவள் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். டீயை என் பக்கம் தள்ளினாள்.

"இதைச் சொல்ல அம்பது வருஷமாடா உனக்கு? அந்தப் பொண்ணு மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் போனப்ப நான் இந்த ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். வெளிய வந்து ஒரு வார்த்தை பேசல. எல்லாம் உன் பேச்சைக் கேட்டு."

"தெரியும்."

"இப்ப யார்கிட்டடா போய்ச் சொல்லுவ? எல்லாரும் போய்ட்டாங்க."

"நீங்க இருக்கீங்களே."

"சரி. எல்லாருக்கும் பதிலா நான் கேட்டுக்கிட்டேன்னு அவளுக்கு எழுது. அவளுக்கு என் அன்பு. உனக்கு இல்ல."

எழுதிவிட்டேன்.

ராயின் அறைச் சுவருக்குப் பூச்சு பூசி வண்ணம் அடித்தாயிற்று. நீ வந்தாலும் வராவிட்டாலும் அடிக்க வேண்டிய சுவர்தான். என் மகள் லொரேன் புதுத் தலையணை வாங்கி வந்தாள். வாசற்படியைத் தேய்த்தேன். 1971-ல் அதைப் பற்றி நான் சொன்ன சொல்லை எடுத்துக்கொள்கிறேன். நீ கேட்ட வரி இதுதான் என்றால், இதோ.

வில்ஃப்


ஹாலிஃபாக்ஸ்
5 ஜனவரி 2024

வில்ஃபுக்கு,

இருபத்து மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. பாராகன் நிலையம், மதியம் மூன்று பத்து ரயில். செவ்வாய் வேண்டுமென்றேதான் எடுத்தேன். அந்தக் கிழமையோடு எனக்கு ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அதையும் கூடவே கொண்டுவருகிறேன், பெட்டியில் இடமிருக்கிறது. தினமும் கொஞ்சம் எடுத்து உன்மேல் காட்டுவேன். நீ வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும், அது உனக்குக் கஷ்டம்.

சுவருக்கு என்ன வண்ணம் அடித்தாய் என்று எழுதவில்லை. பச்சை மட்டும் இல்லையே? நம் வீட்டில் பச்சை ஆகாது என்று அம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

மிசஸ் பிளெங்கினுக்கு என் அன்பு.

டோரீன்


ஹெசில் ரோடு
12 பிப்ரவரி 2024, திங்கள்

நம்ம டோரீனுக்கு,

இன்று காலை நீ போனாய். சாயங்காலமே உட்கார்ந்து எழுதுகிறேன், வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது.

ரயில் நகர்ந்தபோது நான் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. கிளம்புகிறவருக்குக் கை காட்டினால் அலை வந்து கூட்டிப் போய்விடும் என்கிற பயம் நம் இருவருக்கும் இன்னும் போகவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண், பேரனுக்குக் கைவலிக்கக் கை காட்டிவிட்டு என்னைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரங்களோட சண்டையா?" என்றாள். "எங்க அக்கா. சண்டை இப்பத்தான் முடிஞ்சுது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

ஆற்றங்கரையில் ராயின் பெயரை வாசித்தபோது நீ என் சட்டைக் கையைப் பிடித்தாயே, கோட்டில் இன்னும் அந்த மடிப்பு இருக்கிறது. அன்று நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு முந்தைய ஐந்து நாள் பேசியதெல்லாம் திட்டு. சாப்பாட்டு மேஜையில், பஸ்ஸில், ஹேடாக் மீன் வாங்க வரிசையில் நின்றபோது, எல்லா இடத்திலும். மீன்கடைக்காரன் உனக்குக் கூடுதலாகச் சிப்ஸ் போட்டான், "பாவம், இந்த மனுஷனோட எப்படித்தான் இருக்கீங்களோ" என்று. நான் வாயைத் திறக்கவில்லை என்பதை நீ ஒப்புக்கொள்ள வேண்டும்.

பழச்சந்தையில் அந்த ஓட்டலுக்குப் போய் டீ குடித்தோமே, இஸ்ஸி உன்னைப் பார்த்து, "ஓ, அழுக்கு பெட்ஷீட் அக்கா நீங்கதானா!" என்றாளே. நீ அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாய், துறை, திங்கள், செவ்வாய், கால்சட்டை. நான் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் என்னிடம் வந்து, "எங்க தாத்தாவும் அந்தத் துறையிலதான் வேலை பார்த்தாராம், எனக்கு யாரும் எதுவும் சொன்னதில்ல" என்றாள். அந்தப் பூச்சில்லாத சுவரைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. டீ நன்றாக இருந்தது.

ஊர் அழகாகிவிட்டது என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். நான் தினமும் பார்ப்பவன், எனக்குத் தெரிவது இல்லாமல் போனது மட்டும்தான். நீ பார்த்தபோது பக்கத்தில் நின்றதால் கொஞ்சம் இருப்பதும் தெரிந்தது. அவ்வளவுதான். அதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

இப்போது விஷயம். மதியம் லொரேன் வந்தாள். நேரே மாடிக்குப் போய் உன் விரிப்பை உருவ ஆரம்பித்தாள்.

"அதைத் தொடாத."

"அப்பா, இன்னைக்குத் திங்கள்தானே. மெஷின்ல போட்டுடறேன்."

"உங்க அத்தை இன்னும் வானத்துல இருக்கா."

"அத்தை போறது ஏரோப்ளேன்ல. அதுவும் எழுபத்தஞ்சு வயசுல. ட்ராலர்ல இல்ல."

"வெச்சிட்டு வா கீழ."

வைத்துவிட்டு வந்தாள். விரிப்பு அப்படியே இருக்கிறது, தலையணையில் உன் தலை அமுங்கிய இடமும். போய்ச் சேர்ந்தேன் என்று உன் கையால் எழுதி வரும்வரை அதை யாரும் தொடமாட்டார்கள். லொரேனுக்கு நீ செய்தி அனுப்பினாலும் நான் கணக்கில் எடுக்கமாட்டேன். ஒருவர் மூலம் இன்னொருவருக்குச் சொல்லி அனுப்பும் செய்தியில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நம்ம வில்ஃப்


ஹாலிஃபாக்ஸ்
14 பிப்ரவரி 2024

நம்ம வில்ஃபுக்கு,

வந்து சேர்ந்தேன். நீ கேட்பாய் என்று தெரியும், அதனால் உன் கடிதத்துக்குக் காத்திராமல் இதை என் கையால், என் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே முழங்கால் அளவு பனி. மகன் வந்து வாசலில் கிடந்ததைத் தள்ளிவிட்டுப் போனான்.

பெட்டியைப் பிரித்தபோது கோபம் இருந்த இடத்தில் நீ வைத்த டீத்தூள் பொட்டலம் இருந்தது. கொஞ்சம் கோபம் மிச்சமிருக்கிறது, செப்டம்பரில் கொண்டுவருகிறேன். அறை அதே அறை. அந்த மஞ்சள் பூச்சு எனக்குப் பிடித்திருந்தது, உன்னிடம் சொல்லவில்லை.

நேற்று செவ்வாய். விமானத்தில் போட்டிருந்த துணியையெல்லாம் நேற்றே துவைத்துவிட்டேன்.

நீ இனி துவைக்கலாம்.

நம்ம டோரீன்


ஹெசில் ரோடு
26 பிப்ரவரி 2024, திங்கள்

நம்ம டோரீனுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. முறையாகச் செய்ய வேண்டும் என்று திங்கள்வரை பொறுத்தேன். லொரேன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மெஷினில் போடவில்லை. கையால் துவைத்தேன். என் முழங்கை வரை நனைந்தது. பின்சந்தில் போடாமல், நம் வாசலிலிருந்து எதிர்ச்சுவருக்குக் கயிறு கட்டி, தெருவுக்கு மேலே போட்டேன், அப்போது நீ போட்ட அதே இடத்தில். ஆற்றுக் காற்று நன்றாக அடித்தது.

மிசஸ் பிளெங்கின் ஜன்னலைத் திறந்தாள்.

"என்னடா, இன்னைக்கு யாரும் கப்பலேறலையா?"

"யாரும் ஏறல. நம்ம டோரீன் ஊர் போய்ச் சேர்ந்துட்டா" என்றேன், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

வில்ஃப்